தோட்டம் கைமாறும்போது பொறுப்பு யாருடன் போகிறது?

அப்புத்தளைக்கு மேலே டம்பேதென்னத் தோட்டத்தில் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தேயிலை ஸ்டோர் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வணிகத்தை எத்தனை விதமாக வாங்கலாம், எத்தனை விதமாக விற்கலாம் என்று கேட்பவருக்கு ஊவாவில் அதைவிடச் சிறந்த சான்று இல்லை. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. ஈடுபிடித்த காணிகளை வைத்துக்கொண்டு வங்கிகள் ஆள் தேடிய நேரத்தில் லிப்டன் வந்து சேர்ந்தார். அவர் எந்தக் கம்பனியையும் வாங்கவில்லை. காணியையும் கட்டடத்தையும் பயிரையும் மட்டுமே வாங்கினார். நொடித்துப்போன தோட்டத்துரைமாரின் கடன்கள் அவர்களோடேயே நின்றுவிட்டன.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1898இல், அதே லிப்டன் தன் முழு வணிகத்தையும் ஒரு பொதுக் கம்பனியாக்கிப் பங்குகளாக விற்றார். பின்னாளில் யூனிலீவர் அந்தக் கம்பனியைச் சிறுகச் சிறுகத் தன்வசமாக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் டம்பேதென்ன குத்தகைக்குப் போனது. இன்று அகரப்பத்தனைப் பெருந்தோட்டக் கம்பனியின் நிர்வாகத்தில் இருக்கிறது. லிப்டன் என்ற பெயர் வேறு பாதையில் போனது. 2022இல் யூனிலீவர் தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்குக் கைமாற்றியது. அந்தக் கணக்கில் டம்பேதென்ன மலையின் ஒரு செடியும் இல்லை.

நிலம், தொழிற்சாலை, பெயர், உழைக்கும் மக்கள் ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்ட வணிகம். இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்து விற்க முடியும் என்பதை டம்பேதென்னயின் வரலாறு காட்டுகிறது. ஆகவே கைமாற்றத்தின் வடிவத்தைத் தெரிவு செய்வது என்பது, எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிப்பதே. விலைபேசும்போது எல்லோரும் எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறார்கள். விட்டுவிடப்படும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியே என் பார்வையில் முதற்கேள்வி. பதுளைப் பஜாரின் ஒரு சில்லறைக் கடை முதல் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் தேயிலை வைத்திருக்கும் கம்பனி வரை அந்தக் கேள்வி ஒன்றுதான்.

கடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும் வைத்துத் தனியொருவர் நடத்தும் கடைக்குப் பங்குகள் கிடையாது. அங்கே விற்கப்படுவது சரக்கும் தளபாடமும் பெயரின் மதிப்பும்தான். விற்றவர் வாங்கிய கடனுக்கு விற்றவரே பொறுப்பு. கடை வாடகைக் கட்டடத்தில் இருந்தால் அந்த வாடகை உரிமை சரக்கோடு சேர்ந்து தானாக மாறாது. கட்டட உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பஜாரில் நல்ல இடத்துக்கென்றே பெருந்தொகை கொடுத்துக் கடையை எடுத்தவர், கட்டட உரிமையாளருடன் புது ஒப்பந்தம் செய்யாவிட்டால், பணம் கொடுத்து வாங்கிய முக்கியமான பொருளே அவர் கையில் இல்லை. பங்குடைமை வியாபாரமாக இருந்தால், விலகுகிற பங்காளி தம் விலகலைச் சரக்குக் கொடுப்பவர்களுக்கும் வங்கிக்கும் எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய நம்பிக்கையில் கொடுக்கப்படும் கடனுக்கு அவரும் பதில் சொல்ல நேரும்.

அடுத்தது கொழுந்து வாங்கி அரைக்கும் தனியார் தேயிலைத் தொழிற்சாலை. இது பெரும்பாலும் குடும்பத்தவர் பங்கு வைத்திருக்கும் ஒரு சிறு கம்பனியின் பெயரில் இருக்கும். இங்கேதான் உண்மையான தெரிவு எழுகிறது. கம்பனியின் பங்குகளை வாங்கலாம். அல்லது கம்பனியை அதன் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டு, கட்டடத்தையும் உருளைகளையும் உலர்த்திகளையும் காணியையும் மட்டும் வாங்கலாம்.

பங்குகளை வாங்கினால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். தேயிலைச் சபையின் தொழிற்சாலைப் பதிவு, சுற்றாடல் அனுமதி, மின்சார இணைப்பு, கொழும்பு ஏலத்தில் அந்தத் தொழிற்சாலைத் தேயிலை விலைபோகும் மார்க், காணி உறுதி ஆகியவை எல்லாம் கம்பனியின் பெயரில் உள்ளவை. கம்பனி மாறவில்லை, பங்குகாரர்தான் மாறினார். அதே காரணத்தால், பழைய வரிப்பாக்கி, நிலுவையில் உள்ள தொழில் வழக்கு, தரகர் கம்பனியிடம் தேயிலையை நம்பி வாங்கிய முற்பணம், ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்பாமல் விட்ட தொகை எல்லாமும் கூடவே வரும். கணக்கேட்டில் எழுதப்படாத பொறுப்பும் வரும்.

சொத்துக்களை மட்டும் வாங்கினால் அந்தப் பழஞ்சுமை வராது என்பது சட்டப் புத்தகத்தில் சரி. நடைமுறையில் முழுவதும் சரியல்ல. கொழுந்து தருபவர்களை எடுத்துக்கொள்வோம். ஏலவிலையின் அடிப்படையில் 68 வீதம் கொழுந்துக்காரருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்ற சூத்திரத்தில்தான் கொழுந்துப் பணம் கணக்கிடப்படுகிறது. விற்றவர் கடைசி இரண்டு மாதக் கொழுந்துப் பணத்தைக் கொடுக்காமல் போயிருந்தால், வாங்கியவரை நீதிமன்றம் கேட்காது. ஆனால் பசறையிலோ லுணுகலையிலோ உள்ள சிறுதோட்டக்காரர் மறுநாளே கொழுந்து மூட்டையை வேறு லொறியில் ஏற்றிவிடுவார். கொழுந்து வராத தொழிற்சாலை வெறும் இரும்பு. எனவே விலையிலிருந்து அந்தப் பாக்கியைக் கழித்து, வாங்குபவரே கொழுந்துக்காரருக்கு நேரடியாகக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.

தொழிலாளர் விடயத்தில் இலங்கைச் சட்டம் இன்னும் கடுமையானது. கம்பனியின் பங்கு மாறினால் தொழில் வழங்குநர் மாறவில்லை. தொழிலாளரின் சேவைக்காலம் அறுபடாமல் தொடரும். சொத்து மட்டும் விற்கப்பட்டால், தொழிலாளரையும் எந்திரங்களோடு சேர்த்து மாற்ற முடியாது. அவர்கள் சம்மதித்தால்தான் புதியவரிடம் போவார்கள். 15 பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுக்கும் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமன்றித் தொழிலாளியை நிறுத்துவதானால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அதனால் சொத்து விற்பனை மலிவானது, எளிதானது என்று நினைத்து இறங்குபவர்கள் தொழில் திணைக்களத்தின் வாசலில் மாதக்கணக்கில் நிற்க நேரலாம்.

சேவைக்காலப் பணத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோட்டக் கைமாற்றங்களில் மிகக் குறைவாக மதிப்பிடப்படும் பொறுப்பு இதுதான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் வேலைசெய்த நாட்சம்பளக்காரருக்கு, நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் கொடுக்க வேண்டும். கணக்கிடுவது கடைசியாகப் பெற்ற சம்பளத்தில். ஒரு தோட்டத்தில் 400 பேர் இருக்கிறார்கள், சராசரியாக ஒருவருக்கு 20 ஆண்டுச் சேவை என்று வைத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்தபோது ஒருவருக்குரிய தொகை 2,80,000 ரூபா. 400 பேருக்கு 11 கோடி 20 லட்சம். 2024 செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ஆனது. அன்றே அந்தப் பொறுப்பு 15 கோடி 12 லட்சமாகிவிட்டது. ஒரு தொழிலாளியும் கூடவில்லை, ஒரு நாள் வேலையும் கூடவில்லை. கடந்துபோன 20 ஆண்டுகளின் கடன் ஒரே வர்த்தமானியால் 3 கோடி 92 லட்சம் ஏறியது. சம்பளம் உயர்ந்தது நியாயம், அது இன்னும் உயர வேண்டும் என்பதும் நியாயம். அதனாலேயே, இன்றைய சம்பளத்தில் கணக்குப் போட்டு விலைபேசும் வாங்குபவர் நாளைய தொழிலாளியிடம் கையை விரிக்கப்போகிறார். பேரம் பேசும் மேசையிலேயே இந்தத் தொகையைத் தனி வைப்பில் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணத்தை விற்பவர் வைக்கலாம், வாங்குபவரும் வைக்கலாம், அது அவர்களுடைய பேரம். வைக்கப்பட வேண்டும் என்பதில் பேரத்துக்கு இடமில்லை.

வரியையும் உறுதிச் செலவையும் வைத்தே வடிவத்தைத் தெரிவு செய்பவர்கள் உண்டு. காணி உறுதி எழுதினால் மாகாணத்துக்குரிய முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். பங்கு மாற்றினால் உறுதி எழுத வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் முதல் மீண்டும் வந்த மூலதன ஆதாய வரியும் கணக்கில் சேரும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை விற்றால் அந்த ஆதாய வரி இல்லை. வெளிநாட்டில் உள்ள உறவினரின் பணத்தில் வாங்குபவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டுப் பங்குரிமை 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் பொதுவாகக் காணியின் முழு உரிமையை எழுத முடியாது. குத்தகை மட்டுமே. விற்கும் கம்பனி தன் சொத்துக்களின் பாதிக்கு மேற்பட்ட பெறுமதியை விற்பதானால், 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 185ஆம் பிரிவு பங்குகாரரின் விசேட தீர்மானத்தைக் கேட்கிறது. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார், தம்பி அறியவில்லை என்ற குடும்பக் கம்பனிகளுக்கு இந்தப் பிரிவு முக்கியம். இவையெல்லாம் ஒரு நல்ல கணக்காளரும் சட்டத்தரணியும் பார்த்துச் சொல்லக்கூடியவை. வரியை மிச்சப்படுத்துவதற்காகப் பங்குகளை வாங்கி, மிச்சப்படுத்தியதைப் போல் பல மடங்கு பழம்பாக்கியில் இழப்பது மட்டும் நடக்கக்கூடாது.

விலையை ஒரே தடவையில் கொடுக்கவேண்டும் என்றில்லை. ஊவாவில் இது விசேடமாகப் பொருந்தும். யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசனை ஏறுகிறது, ஏலத்தில் விலையும் ஏறுகிறது. விற்பவர் ஓகஸ்ட் மாதச் சராசரியைக் காட்டுவார், வாங்குபவர் ஆண்டுச் சராசரியைக் கேட்பார். இருவரும் சொல்வதில் நியாயம் இருப்பதால், விலையின் ஒரு பகுதியை அடுத்த இரண்டு பருவங்களின் ஏலச் சராசரியோடு கட்டி, தவணையாகக் கொடுக்கலாம். இன்னொரு பகுதியை, மறைந்திருந்த பாக்கி வெளிப்பட்டால் கழித்துக்கொள்ள, ஓராண்டுக்கு மூன்றாமவர் பொறுப்பில் வைக்கலாம்.

பெருந்தோட்டங்களின் கதை இதனினும் பெரியது, வலி மிகுந்தது. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பை வைத்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. சட்டத்தின் மொழியில் பார்த்தால் அதுவும் ஒரு சொத்துக் கைமாற்றமே. காணி வந்தது, இலண்டன் கம்பனிகள் நட்டஈட்டோடு போயின. அந்த மலைகளை வெட்டித் திருத்திய மக்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்றதால், பகிரப்பட்ட காணியில் அவர்களுக்குப் பங்கு கேட்க வழியே இருக்கவில்லை. சொத்தின் பட்டியலில் அவர்கள் இல்லை, உரிமையாளரின் பட்டியலிலும் இல்லை. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்திய காலத்தில் நட்டம் குவிந்தது. திறைசேரி தாங்க முடியாத நிலை வந்தது.

1992இல் அரசு எடுத்த வழியைத் தொழில்முறையில் கூர்ந்து படிக்க வேண்டும். விற்பனை, குத்தகை, முகாமை ஒப்பந்தம் ஆகிய மூன்றும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. முதலில், 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டன. தோட்டங்கள் அவற்றுக்குப் பகிரப்பட்டன. உயரமும் பயிரும் கலந்து பகிர்ந்ததால்தான் பதுளையின் ஸ்பிரிங்வெலியும் தெல்பெத்தையும் பலாங்கொடைப் பெருந்தோட்டக் கம்பனிக்கும், பூனாகலை மஸ்கெலியாக் கம்பனிக்கும் போயின. காணி அரசிடமே நின்றது. கம்பனிக்கு 1992 யூன் 22 முதல் 53 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. கம்பனியை நடத்தும் வேலை மட்டும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தனியார் முகாமைக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அவற்றுக்கு இலாபத்தில் பங்கு.

இந்த முதற்கட்டம் ஏன் நிலைக்கவில்லை என்பது கைமாற்றத்தின் வடிவத்தைப் பற்றிய பாடமாகும். தேயிலை நட்டால் கொழுந்து கொய்யவே சில ஆண்டுகள் ஆகும். போட்ட பணம் திரும்பப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஐந்து ஆண்டு மட்டும் இருக்கப்போகிறவர் எதற்காக மறுநடுகை செய்வார்? அந்தக் கம்பனியின் பங்கு தம்மிடம் இல்லாதவருக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுக்கும்? இலாபம் வந்தால் பங்கு, நட்டம் வந்தால் அரசுக்கு என்ற ஏற்பாட்டில் நீண்டகால அக்கறையை எதிர்பார்க்க முடியாது. முகாமை ஒப்பந்தம் என்ற வடிவம் ஹோட்டலுக்குப் பொருந்தலாம். மரப்பயிருக்குப் பொருந்தாது.

எனவே 1990களின் நடுவில் இரண்டாம் கட்டம் வந்தது. கம்பனியின் 51 வீதப் பங்கு தனியார் முதலீட்டாளருக்கு விற்கப்பட்டது. 20 வீதம் கொழும்புப் பங்குச் சந்தை வழியாகப் பொதுமக்களுக்கு, 10 வீதம் தொழிலாளருக்கு இலவசமாக. திறைசேரிச் செயலாளரின் கையில் ஒரே ஒரு பொற்பங்கு வைக்கப்பட்டது. தோட்டமொன்றுக்கு ஆண்டுக்கு 500 ரூபா என்ற பெயரளவு வாடகை 1996 முதல் உயர்த்தப்பட்டு, பணவீக்கச் சுட்டியோடு கட்டப்பட்டது.

அந்த ஒற்றைப் பொற்பங்கின் அதிகாரத்தைப் பாருங்கள். அதன் உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கம்பனி தன் குத்தகைக் காணியைக் கீழ்க்குத்தகைக்கோ வேறு வகையிலோ கைமாற்ற முடியாது. இரண்டு வார அறிவித்தலில் கணக்கேடுகளைப் பரிசோதிக்கலாம். ஒவ்வொரு காலாண்டு முடிந்தும் 60 நாட்களுக்குள் அறிக்கை கேட்கலாம். காலாண்டுக்கு ஒருமுறை இயக்குநர் சபையைக் கூட்டத்துக்கு அழைக்கலாம். சிறுபான்மைப் பங்கைக்கூட வைத்திருக்காமல் பொதுநலனைக் காக்க ஒரு விற்பனையாளருக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. இந்தக் கருவி காணியைக் காக்க எழுதப்பட்டது. லயத்தில் வாழும் குடும்பத்தின் கூரையையோ சேவைக்காலப் பணத்தையோ அதன் வாசகம் தொடவில்லை. 1990களில் பேரம் பேசியவர்கள் நாட்டின் சொத்தைக் கவனித்தார்கள், நாட்டின் மக்களை அந்த வாசகத்துக்குள் எழுத மறந்தார்கள். இதையே நான் அந்தத் திட்டத்தின் பெருங்குறையாகக் கருதுகிறேன்.

தொழிலாளருக்குக் கொடுத்த 10 வீதம் நல்ல எண்ணத்தில் கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோருக்குச் சிறு சிறு எண்ணிக்கையில் பிரிக்கப்பட்ட பங்கு அது. இயக்குநர் சபையில் ஓர் ஆசனத்தை அது பெற்றுத் தரவில்லை, கூட்டாக வாக்களிக்கும் பொறியும் அமைக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக வைத்திருந்த பத்திரத்தால் ஒரு தீர்மானத்தையும் மாற்ற முடியவில்லை. அதே 10 வீதம் ஒரு நம்பிக்கைப் பொறுப்பில் ஒன்றாக இருந்திருந்தால், கைமாற்றம் ஒவ்வொன்றிலும் அந்தத் தொகுதியின் கையெழுத்தைத் தேடி வந்திருப்பார்கள்.

பங்குவழிக் கைமாற்றத்தின் இன்னொரு தன்மை, அது தோட்டத்தில் எந்த அறிகுறியும் இல்லாமல் நடந்துவிடும். பட்டியலிட்ட கம்பனியின் 30 வீதப் பங்கை ஒருவர் சேர்த்தால் மற்றப் பங்குகாரருக்கும் அதே வாய்ப்பை அளிக்கும் கட்டாய முன்மொழிவைச் செய்ய வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் கையேற்றல், இணைப்பு விதிக்கோவை சொல்கிறது. சிறு பங்குகாரரைக் காக்கும் நல்ல விதி. தொழிலாளருக்கு அறிவிக்கச் சொல்லும் விதி அதில் இல்லை. பலாங்கொடை, மடூல்சீமை ஆகிய இரு கம்பனிகளும் இன்று மெல்ஸ்டாகோர்ப் என்ற ஒரே குழுமத்துக்குரியவை. பதுளை மாவட்டத்தின் இத்தனை தோட்டங்களின் கட்டுப்பாடு கொழும்பின் ஒரே கூட்ட அறையில் இருக்கிறது. இது சட்டத்துக்கு மாறானதில்லை. ஆனால் மலையில் பேர் போடும் பெண்ணுக்குத் தன் தொழில் வழங்குநர் யார் என்று தெரிந்திருக்கும் உரிமை வேண்டாமா?

நிலம் ஒருவரிடம், குத்தகை ஒருவரிடம், வீடும் நலனும் இன்னொருவரிடம் என்று பிரியும்போது என்ன நேரும் என்பதை ஊவா 2014 ஒக்டோபர் 29 அன்று கண்டது. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. இடம்மாற்றக் காணி வேண்டும். காணி அரசுடையது, ஆனால் கம்பனியின் குத்தகைக்குள் இருக்கிறது. வீடமைப்புக்கென்று அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த நிதியம் ஒன்று தனியார்மயமாக்கலோடு அமைக்கப்பட்டது. பிரதேச சபைகளோ, 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் செலவு செய்யவே தயங்கின. அதிகாரம் நான்காகப் பிரிந்திருந்தபோது எச்சரிக்கையைக் கையில் எடுத்துச் செயற்பட ஒருவரும் கடமைப்பட்டிருக்கவில்லை. கைமாற்ற ஒப்பந்தத்தில் ஒரு வரி விடுபட்டால் உயிர் போகும் என்று சொல்வது மிகையில்லை.

இப்போது கம்பனிகள் இன்னொரு வடிவத்தை விரும்புகின்றன. செடிகளின் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்குப் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளும் வெளியாள் உற்பத்தி முறை அது. நன்றாக உழைக்கும் குடும்பம் நாட்சம்பளத்தை விடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். ஆனால் இதுவும் ஒரு பகுதிக் கைமாற்றமே. பயிர்செய்யும் அபாயம் தொழிலாளிக்குப் போகிறது, காணி உரிமை போவதில்லை. சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் கட்டும் 12 வீதமும், நம்பிக்கை நிதியின் 3 வீதமும், சேவைக்காலப் பணமும் என்னாகும் என்று எழுத்தில் இல்லாமல் இதில் கையெழுத்திடக் கூடாது. குத்தகைக் காலம் முழுவதற்கும் அந்தத் துண்டில் உரிமை எழுதிக்கொடுத்தால் இது சிறுதோட்டக்காரராகும் வழி. எழுதிக்கொடுக்காவிட்டால் கூலியைக் குறைக்கும் வழி.

தொழிலாளரே உரிமையாளர் ஆகும் வடிவமும் நம் மொழி பேசும் மலையிலேயே முயலப்பட்டது. 2005இல் டாட்டா டீ நிறுவனம் கேரளத்தின் மூணாறுத் தோட்டங்களின் நிர்வாகத்திலிருந்து பின்வாங்கியபோது, கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பனி உருவாயிற்று. அதன் பங்குகளில் பெரும்பகுதி பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர் கைக்கு வந்தது. உலகிலேயே பெரிய ஊழியர் பங்குடைமைத் தேயிலைக் கம்பனி என்று அது போற்றப்பட்டது. 2015 செப்டெம்பரில் போனஸ் 20 வீதத்திலிருந்து 10 வீதமாகக் குறைக்கப்பட்டபோது, தெருவை மறித்து உட்கார்ந்தவர்கள் அந்தக் கம்பனியின் பங்குகாரர்களான தமிழ்ப் பெண் தொழிலாளர்களே. பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில், சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு நின்று, 20 வீதத்தைப் பெற்றார்கள். பங்கு இருந்தது, பங்கின் குரல் தீர்மானம் எடுக்கும் அறைக்குள் போகவில்லை. ஊழியர் பங்குடைமை கூடாது என்பதல்ல இதன் பொருள். பங்கோடு கூட்டு வாக்கும் சபை ஆசனமும் எழுதப்பட வேண்டும்.

கென்யாவின் கெரிச்சோவில் ஜேம்ஸ் பின்லே கம்பனியின் தேயிலைத் தோட்டங்களை 2023இல் வாங்கியது நம் நாட்டின் பிரவுன்ஸ் இன்வெஸ்ட்மன்ட்ஸ். அந்தக் கைமாற்றத்தில் 15 வீதப் பங்கு அந்த ஊர் மக்களின் கூட்டுறவுக்கு ஒதுக்கப்பட்டது. கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பனி கெரிச்சோவின் மக்களுக்கு ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்றை, பதுளையிலும் நுவரெலியாவிலும் ஏன் கேட்கக் கூடாது? இதைத் தொழிற்சங்கங்கள் உரத்துக் கேட்க வேண்டும்.

ஊவாத் தோட்டங்களின் குத்தகை 2045 யூனில் முடிகிறது. மறுநடுகையின் கணக்கைப் பார்த்தால், இந்தப் பத்தாண்டு கழிந்தபின் புதுச் செடி நடுவதற்கு எந்தக் கம்பனிக்கும் காரணம் இருக்காது. நடாத செடி வயதேறும், விளைச்சல் குறையும், வேலைநாள் குறையும். குத்தகை முடியும்போது என்ன நடக்கும் என்பதை அறியத் தமிழ்நாட்டின் மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக்கு எடுத்த 8,373 ஏக்கர். குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 2024இல், பாம்பே பர்மா கம்பனி தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கி வெளியேறத் தொடங்கியது. நான்கைந்து தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையில் ஓர் அடி நிலமும் உரிமை இல்லை. அவர்கள் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியதாயிற்று. 1929இன் ஒப்பந்தத்தில் குத்தகை கொடுத்தவரும் எடுத்தவரும் மட்டுமே இருந்தார்கள்.

குத்தகையை நீடிக்கும் பேச்சு இங்கே எப்படியும் வரும். கம்பனிகளுக்கு அது வேண்டும், மறுநடுகைக்காக நாட்டுக்கும் வேண்டும். நீடிப்பதை நான் எதிர்க்கவில்லை. வெறும் ஆண்டுகளைக் கூட்டி நீடிப்பதை எதிர்க்கிறேன். நீடிக்கும் பத்திரத்தில் லயமும் வீட்டுத் தோட்டமும் உள்ள நிலம் குத்தகையிலிருந்து கழற்றப்பட்டு, குடியிருப்பவர் பெயரில் உறுதி எழுதப்பட வேண்டும். சேவைக்காலப் பணத்துக்குக் கம்பனியின் கணக்குக்கு வெளியே ஒரு நிதி வேண்டும். பங்குக் கட்டுப்பாடு கைமாறினால் தோட்டத்திலேயே அறிவித்தல் ஒட்டப்பட வேண்டும். பொற்பங்கின் அதிகாரத்தில் மக்களின் குடியிருப்பும் சேர வேண்டும்.

இவற்றைக் கேட்கச் சரியான நேரம் 2044 அல்ல, இப்போதே. கம்பனி குத்தகை நீடிப்பைக் கேட்கும் நாளில்தான் அது விட்டுக்கொடுக்கும். பதுளை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும், எல்லாச் சங்கங்களின் மாவட்டத் தலைவர்களும் கட்சி வேறுபாட்டைத் தள்ளிவைத்து, ஒரே கோரிக்கைப் பத்திரத்தை இந்த ஆண்டிலேயே பெருந்தோட்ட அமைச்சுக்கும் திறைசேரிக்கும் கொடுக்க வேண்டும். வாசிப்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளாகிய சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் இருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்தின் குத்தகைப் பத்திரத்தையும் கம்பனியின் ஆண்டறிக்கையையும் எடுத்து வாசித்து, உங்கள் பெற்றோருக்கு எவ்வளவு சேவைக்காலப் பணம் உரித்தானது என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கோடு சங்கக் கூட்டத்துக்குப் போங்கள்.